பெயர் போடாத நோட்டீஸ்

ரோஸ்மில்க் வாங்க வந்தவர்கள் ஊற்றிக் கொடுப்பவளைப் பார்க்காமல் சுவரையா பார்ப்பார்கள் என்று தமயந்தி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் பார்ப்பதில் வித்தியாசம் இருக்கிறது. டம்ளரைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்ப்பது ஒன்று, முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக டம்ளருக்குக் கண்ணை இறக்கிக்கொள்வது இன்னொன்று. இன்றைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் இரண்டாவது ரகம். சி பிளாக் விசாலாட்சி அக்கா டம்ளரோடு சேர்த்து அவள் விரல்களையும் பிடித்து ஓர் அழுத்து அழுத்திவிட்டுப் போனார். எதற்கு அழுத்த வேண்டும்? ஐஸ் வாளிக்குள் கையை விட்டு விட்டு விரல் மரத்துப் போயிருந்ததால் அந்த அழுத்தத்தின் சூடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது, துடைத்தாலும் போகவில்லை. குடியிருப்புச் சங்கச் செயலாளர் சின்னராஜ் சார் இன்னும் மோசம். நான்கு வருஷமாக “வாங்க அம்மணி, ஜூஸ் ரெடியா?” என்று அதட்டுகிற மனிதர் இன்றைக்குப் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, “தண்டபாணி சார் நல்லா இருக்காருங்களா? கண்ணுலயே காணோமே” என்று அவள் புருஷனை விசாரித்தார். நல்லா இருக்காருங்க என்றாள். உடனே சொல்லியிருக்கக் கூடாது, யோசிக்காமல் பதில் சொல்வது யோசித்து வைத்திருந்தவர்கள்தான், அது அவருக்குப் புரிந்திருக்கும், புரிந்ததால்தான் தலையை ஆட்டினார், அந்தத் தலையாட்டலில் ஏதோ இருந்தது. சமுதாயக்கூடத்தின் மேற்கு ஜன்னல்கள் வழியாக நாலரை மணி வெயில் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது, அந்தக் கட்டங்களை மிதித்து மிதித்து ஐம்பது அறுபது பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள், ஸ்பீக்கரின் அதிர்வு மேஜை வழியாக ஏறி அவள் விலா எலும்புக்குள் தட்டிக்கொண்டிருந்தது. இவர்கள் யாருக்காக ஆடுகிறார்கள்? அதுதானே கேள்வி. ஒரு மாதமாக அந்த ஒரு கேள்வியில்தான் மாட்டிக்கொண்டு கிடக்கிறாள்.

லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸ் அவளுக்கு மனப்பாடம். ஞாயிறு மாலை நான்கு மணி, ஆடலாம் வாங்க, நம் குடியிருப்பில் ஒரு குடும்பத்துக்கு நம்மாலான உதவி. ஒரு குடும்பத்துக்கு. அவ்வளவுதான், பெயர் கிடையாது, படம் கிடையாது. நான்கு வருஷமாக இந்த நடன விருந்தை நடத்துகிறவர்கள் மூன்று பேர், ரெஜினா, சுபைதா, அவள். ரெஜினா ஏ பிளாக்கில் இருக்கிற கணக்கு டீச்சர், புருஷன் இல்லாதவள், பிளஸ் டூ படிக்கிற ஒரே பெண்ணோடு இருக்கிறவள். சுபைதா தரைத்தளத்தில் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறவள். மூன்று பேரும் சேர்ந்தது மொட்டை மாடியில் காலை ஆறு மணி நடன வகுப்பில். எடை குறைக்கத்தான் போனார்கள். முதல் நாளே தமயந்தி இடது காலுக்குப் பதில் வலது காலை வைத்துத் தண்ணீர்த் தொட்டிமேல் சாய, ரெஜினா தாங்கிப் பிடிக்க, சுபைதா இரண்டு பேரையும் பிடிக்க வந்து மூவரும் விழுந்து, எழுந்திருக்க முடியாமல் சிரித்தது. எடை குறையவில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது, ஒருத்தி வீட்டுச் சாவி இன்னொருத்தி வீட்டில் தொங்குகிற அளவுக்குப் போனது. முதல் வருஷம் வாட்ச்மேனின் இதய ஆபரேஷனுக்காக ஆடினார்கள், அடுத்து ஒரு பள்ளிக்கூடத்தின் கழிப்பறைக்காக, அதற்கடுத்து டயாலிசிஸ் செய்துகொள்ளும் எலெக்ட்ரீஷியனுக்காக. ஒவ்வொரு தடவையும் பெயரை மூன்று பேரும் கூடிப் பேசித்தான் முடிவு செய்வார்கள். இந்தத் தடவை அவளிடம் யாரும் பேசவில்லை. நோட்டீஸ் ஒட்டியபிறகுதான் பார்த்தாள். யாருக்குடி என்று கேட்டதற்கு ரெஜினா, “கேக்காத தமா. தெரிய வேண்டிய நேரத்துல தெரியும்” என்றாள். சுபைதா ஊசியில் நூல் கோப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது அவள் கையில் ஊசியே இல்லை. மூன்று பேருக்குமான வாட்ஸாப் குழுவில் ஒரு மாதமாக யாரும் எதுவும் எழுதவில்லை, அப்படியென்றால் இரண்டு பேருக்கு மட்டும் இன்னொன்று எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது. போன வாரம் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு பேரும் தூணுக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள், அவளைக் கண்டதும் சுபைதா சத்தமாக வெயிலைப் பற்றி ஏதோ சொன்னாள். வெயில்! சுபைதாவிடம் டிக்கெட் கேட்டபோது, “உனக்கெதுக்கு டிக்கெட், நீ சும்மா வா” என்றாள். போன வருஷம் அவளும் டிக்கெட் வாங்கினாள், முந்தின வருஷமும் வாங்கினாள். யாரிடம் டிக்கெட் வாங்குவதில்லை? யாருக்காக நடத்துகிறோமோ அவர்களிடம். வாட்ச்மேன் பெண்டாட்டியிடம் வாங்கினோமா என்ன.

அங்கே வந்ததும் மனம் சறுக்கிவிடும், சறுக்கித் திரும்பவும் தொடங்கின இடத்துக்கே வரும். யார் சொல்லியிருப்பார்கள்? இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும், அவளுக்கும் அவருக்கும். திருச்சியில் ஹாஸ்டலில் இருக்கிற மகனுக்குக்கூடத் தெரியாது. பம்ப் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் டிஸ்பாட்ச் பார்த்த மனிதரை ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டுக் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். பதினோரு மாதமாகிறது. திங்கட்கிழமை காலையில் அவர் வழக்கம்போல ஷேவ் செய்து சட்டையை இன் பண்ணிக்கொண்டு நின்றார், அவளும் எதுவும் கேட்காமல் டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுத்தாள். முதல் நாள் அப்படிக் கொடுத்ததுதான் தப்பு, அன்றைக்கே எங்கே போறீங்க என்று கேட்டிருந்தால் இது இவ்வளவு தூரம் வந்திருக்காது. இப்போது அவர் தினமும் பஸ் ஏறி நூலகத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு ஆறு மணிக்கு வருகிறார். அங்கே பேப்பரில் வேலை விளம்பரம் பார்ப்பதாகச் சொல்கிறார். ஐம்பத்து மூன்று வயசுக்கு என்ன விளம்பரம் வரும். விற்றுவிட்ட காரைப் பற்றிக் கேட்டவர்களிடம் சர்வீஸுக்கு விட்டிருக்கிறோம் என்றாள், எந்தக் காராவது நான்கு மாதம் சர்வீஸில் கிடக்குமா, கேட்டவர்கள் மறுபடி கேட்கவில்லை, மறுபடி கேட்காததே அத்தாட்சி. சுபைதாவின் கொழுந்தன் பஸ் கண்டக்டர். எந்த ரூட் என்று ஒருநாள் சொன்னாள், அன்றைக்குத் தமயந்தி காது கொடுக்கவில்லை. அந்த ரூட்டாகத்தான் இருக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் டிபன் பாக்ஸோடு ஏறி நூலகத்தில் இறங்குகிற மனிதரைக் கண்டக்டருக்குத் தெரியாமல் இருக்குமா. கொழுந்தன் சுபைதாவிடம் சொல்லி, சுபைதா ரெஜினாவிடம் சொல்லி, ரெஜினா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பாவம்டி, நாமதான் ஏதாவது செய்யணும் என்று சொல்லியிருப்பாள். அந்தப் பாவம்டியை தமயந்தி அவள் குரலிலேயே கேட்டாள், ஸ்பீக்கர் சத்தத்தையும் தாண்டி, காதுக்குள்ளேயே. எட்டு மாதமாக அவள் ரெஜினா வீட்டுப் பக்கம் போவதை விட்டிருந்தாள். போனால் உட்காரச் சொல்வாள், காபி போடுவாள், அண்ணா எப்படி இருக்காரு என்பாள். அதற்குப் பயந்துதான் நடன வகுப்புக்கும் முழங்கால் வலி என்று சொல்லி நின்றுவிட்டாள். இவ்வளவு செய்தும் தெரிந்துவிட்டதே. இன்றைக்கு வந்ததும் வராததுமாக ரெஜினா அவளைக் கட்டிப்பிடித்தாள். எப்போதும் பிடிப்பதுதான், ஆனால் இன்றைக்கு விடவில்லை, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுகிற அளவுக்கு விடவில்லை, கழுத்தில் மூச்சுச் சூடு பட்டது. இரக்கப்படுகிறவர்கள்தான் அப்படிப் பிடிப்பார்கள்.

“அக்கா, ரோஸ்மில்க் வழியுது” என்றாள் யாரோ ஒரு பெண். வழிந்தது. மேஜை விரிப்பு ரோஜா நிறத்தில் ஊறிக்கொண்டு போனது. துணியெடுத்துத் துடைத்தாள், எசன்ஸ் வாசனை தொண்டைவரை இனித்துக் குமட்டியது. வாட்ச்மேன் பெண்டாட்டி பெயர் செல்லக்கிளி. அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும்? நினைக்கக் கூடாது என்றுதான் நான்கு வருஷமாக நினைக்காமல் இருந்தாள். முதல் வருஷம் மேடையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்திருந்தார்கள். சேலைத் தலைப்பின் முனையை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தாள். கவரைக் கொடுக்கப் போனது தமயந்திதான், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு. போட்டோ எடுப்பவன் அவங்க முகம் தெரியலை என்று சொல்ல, தமயந்தி அவள் மோவாயில் கைவைத்து நிமிர்த்தி, “கொஞ்சம் சிரிங்க” என்றாள். செல்லக்கிளி சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவள் முகத்திலிருந்து வரவில்லை, தமயந்தியின் இரண்டு விரலிலிருந்து வந்தது. அந்தப் படத்தைக் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் போட்டு, நூறு பேர் கைகூப்பி, இதயம் போட்டு, அவளும் போட்டு. இன்றைக்கு மேடையில் நாற்காலி இருக்கிறதா? இருந்தது. இரண்டு இருந்தன. ஒன்று எனக்கு, இன்னொன்று அவருக்கு. அவரை ஒன்பதாவது மாடியிலிருந்து யார் கூட்டிவருவார்கள்? ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வாசல் கதவையே திறப்பதில்லை, டிவியைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு படத்தை மட்டும் பார்ப்பார். சின்னராஜ் சார் போய் மணியடிப்பாரோ. லுங்கியோடு கதவைத் திறப்பாரே. அவர் மோவாயை யார் நிமிர்த்துவார்கள்? டம்ளரைக் கீழே வைத்தாள். ஆடுகிறவர்களைப் பார்த்தாள். ஏழாவது மாடி டாக்டர் அம்மா கையை மேலே தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார், விசாலாட்சி அக்கா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு குதித்தார், ரெஜினாவின் மகள் ஜெனிட்டா தோழிகளோடு வட்டம் போட்டு நடுவில் நின்று தலைமுடி பறக்க ஆடினாள். எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டு அடுப்புக்காகவா இவ்வளவு சிரிப்பு. மேடையில் சின்னராஜ் சார் மைக்கைத் தட்டிப் பார்த்தார். “எல்லாரும் ஒரு நிமிஷம். அடுத்த பாட்டு முடிஞ்சதும் ஒரு முக்கியமான அறிவிப்பு இருக்குதுங்க, யாரும் போயிராதீங்க.” முக்கியமான அறிவிப்பு. தமயந்தி மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள், எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, ஈரக் கையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் மேடைப்படி ஏறப்போன ரெஜினாவின் முழங்கையைப் பிடித்தாள்.

“இப்ப என்ன தமா, அடுத்த பாட்டு நான்தான் ஆடணும்” என்றாள் ரெஜினா. “ஒரு நிமிஷம் வா” என்று அவளை மேடைக்குப் பக்கவாட்டில், உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிற சின்ன அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். சத்தம் பாதியாகக் குறைந்தது, தரை மட்டும் அதிர்ந்தது.

“யாருக்குடி இது?”

“கேக்காதன்னு சொன்னேன்ல.”

“எனக்குத் தெரியும் ரெஜி.”

ரெஜினாவின் முகம் வெளுத்தது. தமயந்தி அதைப் பார்த்தாள், கண்ணெதிரே பார்த்தாள், இதோ, இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்.

“யாரு சொன்னா? சுபைதாவா? அவகிட்ட சத்தியம் வாங்கியிருந்தேனே.”

“ஒருத்தரும் சொல்லல. எனக்குக் கண்ணில்லையா? அறிவில்லையா? நான் வந்து உங்கிட்ட கேட்டனா ரெஜி? கஷ்டமா இருக்குது, ஊரைக் கூட்டி ஆடுங்கன்னு நான் கேட்டனா? நாங்க எப்படியோ இருந்துட்டுப் போறோம். பதினோரு மாசமா அந்த மனுசன் டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு லைப்ரரில போய் உக்காந்துட்டு வர்றாரு. எதுக்கு? வேலை போயிருச்சுன்னு நாலு பேருக்குத் தெரியக்கூடாதுன்னுதானே? இப்ப நீங்க மைக்கு வெச்சுச் சொல்லப் போறீங்க. அவரு செத்துருவாரு ரெஜி. நெசமாவே செத்துருவாரு.”

கதவுக்கு வெளியே பாட்டு மாறியது, யாரோ விசில் அடித்தார்கள்.

“தண்டபாணி அண்ணாவுக்கு வேலை போயிருச்சா?” என்றாள்.

அந்தக் கேள்வியில் நடிப்பு இருக்கிறதா என்று தமயந்தி தேடினாள். மூலை முடுக்கெல்லாம் தேடினாள், ஒரு மாதமாகத் தேடிப் பழகிய கண், கிடைத்துவிடும் என்றுதான் நினைத்தாள். இல்லை. ரெஜினாவின் புருவம் மேலே ஏறி அங்கேயே நின்றுவிட்டிருந்தது. அப்போதுதான் தமயந்திக்குத் தான் என்ன செய்தோம் என்பது மெல்லப் புரியத் தொடங்கியது. கதவைப் பூட்டி, ஜன்னலைச் சாத்தி, பதினோரு மாதம் காவல் இருந்துவிட்டு, தன் கையாலேயே திறந்து எல்லாவற்றையும் வாரித் தெருவில் போட்டாயிற்று. கண்டக்டர் கொழுந்தன் எந்த ரூட்டிலோ நிம்மதியாகப் போய்க்கொண்டிருப்பான். காதுமடல் கொதித்தது. வார்த்தையைத் திரும்ப அள்ளிக்கொள்ள முடியுமா என்று ஒரு கணம் யோசித்தாள், விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லலாமா, சிரிக்கலாமா. சிரிப்பு வரவில்லை. பிறகுதான் அடுத்தது உறைத்தது. இவளுக்குத் தெரியாதென்றால் சத்தியம் வாங்கினது எதற்கு?

“அப்ப இது...” என்றாள்.

ரெஜினா அடுக்கிய நாற்காலிகளின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். “எனக்கு” என்றாள். “மார்ல கட்டி. வியாழக்கிழமை ஆபரேஷன். அதுக்கப்புறம் மருந்து, ஊசி, எவ்வளவு நாளுன்னு தெரியல. ஸ்கூல்ல லீவு கொடுத்தாங்க, வேற ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. சுபைதாதான் அழுது புடிச்சு ஏற்பாடு பண்ணுனா. கமிட்டில ரெண்டு மூணு பேருக்குத் தெரியும். ஜெனிட்டாவுக்குத் தெரியாது, ஏதோ சின்ன ஆபரேஷன்னுதான் சொல்லியிருக்கேன். பரீட்சைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. முடியட்டும், அப்புறம் நானே சொல்லிக்கறேன்.”

“எங்கிட்ட சொல்றதுக்கு என்னடி?”

“உன் முகத்துல ரகசியம் ஒண்ணும் நிக்காதேன்னுதான். ஜெனி உன்னை ஒரு தடவை பார்த்தா போதும், கண்டுபிடிச்சுருவா.” சொல்லிவிட்டு ரெஜினாவே நிறுத்திக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே விஷயத்தை நினைத்தார்கள் என்பது தமயந்திக்குத் தெரிந்தது. பதினோரு மாதம் ரகசியம் நின்ற முகம். ரெஜினாவின் உதடு கோணி, சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் உடைந்தது. “அது மட்டுமில்ல. எட்டு மாசமா நீ எங்க வீட்டுப் படி ஏறல. கிளாசுக்கும் வரல. லிஃப்டுல பார்த்தா போனை எடுத்துக் காதுல வெச்சுக்கற. நான் ஏதோ சொல்லிட்டேன் போல, என்னைப் பிடிக்கல போலன்னு நினைச்சேன். பிடிக்காத எடத்துல போயி எனக்கு கேன்சர்னு எப்படிச் சொல்லுவேன்? வேணும்னே இரக்கம் தேடற மாதிரி இருக்காதா?”

வெளியே பாட்டு நின்றது. மைக்கில் சின்னராஜ் சார் முக்கியமான அறிவிப்பைச் சொன்னார், பி பிளாக் வாசலில் ஒரு வெள்ளைக் கார் வழியை மறித்து நிற்கிறது, அதை எடுத்தால்தான் சாப்பாட்டு வண்டி உள்ளே வர முடியும். தமயந்தி ரெஜினாவின் கையைப் பிடித்திருந்தாள், எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை, ரோஸ்மில்க் பிசுபிசுப்பில் இரண்டு கையும் ஒட்டிக்கொண்டிருந்தன. வந்ததும் கட்டிப்பிடித்தவள் என்ன நினைத்துக்கொண்டு பிடித்தாளோ. வலித்திருக்குமோ. நான் எண்ணிக்கொண்டு நின்றேனே. எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது, அதைப் போய்க் கேட்பார்களா, கேட்கவில்லை. அழக் கூடாது என்று நினைத்தாள், கண் ஒழுகியது.

“கண்ணைத் தொடச்சுக்க. அவ பார்ப்பா” என்று ரெஜினா தன் துப்பட்டாவால் அவள் முகத்தை அழுத்தித் துடைத்தாள், பிள்ளைக்குத் துடைப்பதுபோல, மூக்கு வலிக்க. “வியாழக்கிழமை காலைல ஆறு மணிக்குக் கிளம்பணும். நீ வர்றியா? சுபைதாவுக்கு ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலே மயக்கம் வரும். அவளைத் தூக்கறதுக்கு இன்னொரு ஆள் வேணும்.”

“வர்றேன். அஞ்சரைக்கே வர்றேன்.”

“அண்ணா விஷயம் எங்கிட்டயே இருக்கும். நீ சொல்ற வரைக்கும் சுபைதாகிட்டக்கூடப் பேச மாட்டேன்.” ரெஜினா கதவைத் திறந்துகொண்டு போனாள். மேடையேறி, இரண்டு நாற்காலிகளையும் காலால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, வந்திருந்த பிள்ளைகளை மேலே கூப்பிட்டாள். ஜெனிட்டா ஓடி வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள். பாட்டு தொடங்கியது. ரெஜினா வலது கையை மட்டும் தூக்கி ஆடினாள், இடது கை இடுப்பிலேயே இருந்தது, இத்தனை நேரம் அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்திருப்பாள், தமயந்தி பார்த்திருக்கிறாள், ஏதோ புது ஸ்டைல் என்று நினைத்திருக்கிறாள். கூடத்தின் நடுவில் நின்று இப்போது பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மனம் தன் பாட்டுக்கு ஆரம்பித்தது. சொல்ல மாட்டேன் என்றாளே, சொல்லாமல் இருப்பாளா, சுபைதா முகத்தைப் பார்த்தால் வாய் தவறி வராதா, இதோ சுபைதா இங்கே பார்க்கிறாள், எதற்குப் பார்க்கிறாள். ச்சீ என்று வந்தது அவளுக்கு. உயிரைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறவள் எதிரில் நின்று இதையா நினைக்கிறேன். ஆனால் நினைக்கத்தான் செய்தாள். நிறுத்து என்று சொன்னால் நிற்கிற சாமான் இல்லை அது. பயந்து பயந்தே அதற்குத் தீனி போட்டாயிற்று. ஒருத்தருக்குத் தெரிந்தால் அடுத்தவருக்குத் தெரியுமோ என்று, அடுத்தவருக்குத் தெரிந்தால் அதற்கடுத்தவருக்கு என்று, இப்படியே எத்தனை வருஷம். போனை எடுத்தாள். முதல் தடவை மணி முழுக்க அடித்து ஓய்ந்தது, இரண்டாவது தடவைதான் எடுத்தார்.

“என்னாச்சு?”

“கீழ வாங்க.”

“நான் எதுக்கு? யாராவது ஏதாவது கேட்டாங்கன்னா?”

“ரெஜினாவுக்குத் தெரியும்.”

“யாரு சொன்னது?” என்றார்.

“நான்தான்.”

அவர் போனை வைத்துவிட்டார். தப்புச் செய்துவிட்டோம், மேலே ஓட வேண்டும், ஒன்பது மாடி, லிஃப்ட் எங்கே நிற்கிறதோ, பால்கனிக் கதவு திறந்திருக்குமோ என்று என்னென்னவோ ஓடி, கால் மட்டும் நகராமல் நின்றது. ஒரு பாட்டு முடிந்தது, அடுத்தது தொடங்கிப் பாதி போனது. அதற்குள் எத்தனை முறை வாசலைப் பார்த்தாளோ. கூடத்து வாசலில் தண்டபாணி வந்து நின்றபோது முதலில் வேறு யாரோ என்றுதான் நினைத்தாள். வேட்டி கட்டியிருந்தார். முகம் கழுவி, துடைக்காமல், காதோரம் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண் சிவந்திருந்தது. கோபமா, அழுதாரா, கேட்கத் தோன்றவில்லை. அவளிடம் நேராக வந்தார், மேடையில் ஆடுகிற ரெஜினாவைப் பார்த்தார், ரெஜினா அங்கிருந்தே கையசைத்தாள். அவரும் கையைப் பாதி தூக்கினார். தமயந்தி அந்தப் பாதிக் கையைப் பிடித்துக் கூட்டத்துக்குள் இழுத்தாள். அவருக்கு ஆடத் தெரியாது, அவள் இழுத்த பக்கமெல்லாம் சும்மா வந்தார், சுற்றிலும் இடித்துக்கொண்டும் மிதித்துக்கொண்டும். ஏதோ சொன்னார். ஸ்பீக்கர் சத்தத்தில் உதடு அசைந்ததுதான் தெரிந்தது.

“என்னங்க?”

அவர் குனிந்து, அவள் காதுக்குப் பக்கத்தில், ஆனால் காதுக்கு மட்டும் சொல்வதாக இல்லாமல், கத்தினார். “நாளைக்கு நான் லைப்ரரிக்குப் போகல!”

பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் ஏழாவது மாடி டாக்டர் அம்மா. அவர் என்ன நினைத்திருப்பார், எந்த லைப்ரரி, எதற்கு லைப்ரரி என்று யோசிப்பாரோ, யாரிடம் போய்ச் சொல்வாரோ என்று தமயந்தியின் மனம் ஓடத் தொடங்கியது. ஓடட்டும் என்று அதை அதன் போக்கில் விட்டுவிட்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, “சரி, வீட்டுலயே இருங்க!” என்று அவளும் கத்தினாள்.